சேமலாப நிதிக்கும் ஓர் அறிக்கை வேண்டும்

இலங்கை மத்திய வங்கியின் மதிப்புக்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். 2024இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதத்தில் நின்ற கொழும்புப் பணவீக்கம் அடங்கிவிட்டது. எண்ணெய்க்கு வரிசையில் நிற்காமல் வேலைக்குப் போகிறோம், அதற்கு நன்றி. ஆனால் விலை ஏறுவது நின்றதே தவிர, ஏறிய விலை பழைய இடத்துக்கு வரவில்லை. அந்த ஏற்றத்தில் எங்கள் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசு இழந்த பெறுமதிக்கு யார் கணக்குச் சொல்வது?

2022ஆம் ஆண்டுக்கு எங்களுக்குக் கிடைத்த வட்டி 9 சதவீதம். அந்த டிசம்பரில் பணவீக்கம் 57.2 சதவீதம். 2021 முடிவில் ஒரு இலட்சம் ரூபாய் வைத்திருந்தவருக்கு ஒரு வருடம் கழித்து ஒரு இலட்சத்து ஒன்பதாயிரம். அதே சாமான்களை வாங்க ஒன்றரை இலட்சத்துக்கு மேல். அடுத்த வருடம் 13 சதவீதம் தந்தீர்கள், சரி. அந்தப் பள்ளம் அதில் நிரம்பவில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு அம்மா, வயதுபோகும்வரை கொழுந்து பறித்தவர். ஈபிஎப் வந்ததும் லயத்துக்குப் பின்னால் குசினி ஒன்று கட்டி, ஓட்டைத் தகரத்தையும் மாற்ற நினைத்திருந்தார். 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய் அளவில் விற்ற சீமெந்துப் பை 2022இல் மூவாயிரம்வரை போனது. காசு கைக்கு வந்தபோது குசினிச் சுவர் எழும்பியது, அதோடு முடிந்தது. கூரைக்குத் தறப்பாள். மழை பெய்தால் அடுப்பை உள்ளே தூக்கி வருகிறார். சம்பளத்தில் 8 சதவீதத்தை மாதம் தவறாமல் விட்டுக்கொடுத்தவர் அவர்.

அப்புறம் 2023இல், அரசு நாட்டுக்குள் வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டும் முறையை மாற்றும் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. வங்கிகள் வைத்திருந்த ரூபாய் முறிகளை, அதாவது அரசின் கடன் பத்திரங்களை, தொடவில்லை; பாரம் ஓய்வூதிய, சேமலாப நிதிகளின் தலையில் விழுந்தது. இந்த நிதிகள் தங்கள் முறிகளைப் புதிய முறிகளாக மாற்றாவிட்டால் அவற்றின் வருமானத்துக்கான வரி 14இலிருந்து 30 சதவீதமாகும் என்றார்கள். மாற்றிய முறிகளுக்கு வட்டி 2025 வரை 12 சதவீதம், அதன்பின் 9. பிற நாடுகளிடம் வாங்கிய கடனின் முதலை 2028இலிருந்து திரும்பக் கட்டத் தொடங்கும்போது ரூபாய் மறுபடி சரிந்தால், அந்த 9 சதவீதம் எங்களை எங்கே கொண்டுபோய் விடும்? வங்கிகளின் உறுதிப்பாடு முக்கியம் என்கிறீர்கள். தோட்டத்துக் கிழவியின் உறுதிப்பாடு யாருக்கு முக்கியம்?

பணவீக்கம் இலக்கைவிட்டு இரண்டு காலாண்டு தொடர்ந்து விலகினால் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் சொல்கிறது. இலக்குக்குக் கீழே போனதற்கே விளக்கம் எழுதினீர்கள். எங்கள் நிதியையும் நிர்வகிப்பவர் நீங்கள்தான். 2022 தொடங்கி அது ஒவ்வொரு வருடமும் விலைவாசிக்கு எவ்வளவு தோற்றது அல்லது வென்றது, மொத்த இழப்பை எப்போது, எந்த வழியில் ஈடுசெய்வீர்கள் என்று ஓர் அறிக்கை எழுதுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். அடுத்த வருட வட்டியை அறிவிக்கும்போதே அதையும் தருமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈபிஎப் அங்கத்தவர் ஒருவர்,
அட்டன்