‘ம.தூள் 200’: மளிகைச் சிட்டை எழுதுவது பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விலைவாசி குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் வாசகர் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை அரசும் வணிகர்களும் செய்யவேண்டியதைப் பற்றியே பேசுகின்றன. காரைக்குடியில் ஒரு மளிகைக் கடையில் முப்பத்தோரு ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் நான். கடைக்குப் புறப்படும் முன் அவரவர் வீட்டில் செய்துகொள்ளக்கூடிய ஒன்றைப் பற்றி, அதாவது வாங்கவேண்டிய சாமான்களின் பட்டியலான மளிகைச் சிட்டையை எழுதும் முறையைப் பற்றி, எழுத விரும்புகிறேன்.

நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிய ஒரு சிட்டை இன்னும் என் நினைவில் இருக்கிறது. அதில் ‘ம.தூள் 200’ என்று ஒரு வரி. மஞ்சள்தூளா, மல்லித்தூளா, மிளகாய்த்தூளா, மசால்தூளா? கடைப் பையன் மல்லித்தூள் என்று எண்ணிக் கட்டிவிட்டான். அந்த ஆச்சி கேட்டதோ மஞ்சள்தூள். வீட்டில் விசேஷம் என்பதால் வெயிலில் ஒருவர் மறுபடியும் வந்து மாற்றிப் போனார். ‘ப.ப.’ என்று எழுதினால் பாசிப்பருப்பும் ஆகும், பச்சைப்பயறும் ஆகும். ‘மி. 100’ என்றால் மிளகா, மிளகாயா என்று தெரியாது. இரண்டுக்கும் விலையில் பெரிய வேறுபாடு உண்டு. எழுதுகிறவருக்குத் தெரிந்தது கட்டுகிறவருக்கும் தெரியும் என்று எண்ணிவிடுகிறோம். இப்போது சிட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். எழுத்து பாதி நிழலில் இருக்கும்போது இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. பொருளின் பெயரை முழுதாக எழுதி, அருகில் கிராமா, கிலோவா, பொட்டலமா என்பதையும் குறித்துவிட்டால் இந்த அலைச்சல் இருக்காது.

அடுத்தது வரிசை. பெரும்பாலான மளிகைக் கடைகளில் அரிசி, பருப்பு மூட்டைகள் ஓரிடத்திலும், எண்ணெய் வேறிடத்திலும், கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு முதலிய சில்லறைச் சாமான்கள் டப்பாக்களிலும் இருக்கும். சோப்பின் வாடை ரவையிலும் தேயிலையிலும் ஏறிவிடும் என்பதால் சோப்பு வகைகளைத் தள்ளியே அடுக்குவோம். ஒருவர் சிட்டையை வாசிக்க, மற்றவர்கள் எடுத்துக் கட்டுவார்கள். துவரம்பருப்பு, சோப்பு, கடுகு, மறுபடியும் உளுத்தம்பருப்பு என்று நினைவுக்கு வந்த வரிசையில் எழுதியிருந்தால் ஒரே மூட்டையிடம் மூன்று முறை போய்வர வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில்தான் ஏதேனும் ஒன்று விட்டுப்போகும். வகை வகையாகப் பிரித்து எழுதிய சிட்டைக்குச் சாமான் கட்டுவது எனக்கு என்றுமே மகிழ்ச்சியான வேலையாக இருந்தது. தாமாகவே கூடையை எடுத்துக்கொண்டு அடுக்கடுக்காகச் சுற்றும் பெரிய கடைகளிலும் இதே முறை பயன்படும். வேண்டாத அடுக்கின் பக்கம் போகாமல் இருந்தாலே வேண்டாத பொருள் கூடையில் விழாது.

பணம் மிச்சமாவது அளவில்தான். எங்கள் வீட்டிலேயே பல ஆண்டுகளாக மாதம் நான்கு கிலோ துவரம்பருப்பு என்று பழக்கத்தில் எழுதிவந்தோம். ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் அடுக்களையில் உள்ள ஆழாக்கில் பருப்பைத் தலைதட்டி அளந்து தராசில் வைத்துப் பார்த்தேன். 180 கிராம் இருந்தது. நாளொன்றுக்கு நாங்கள் போடுவது அரை ஆழாக்கு, அதாவது 90 கிராம். முப்பது நாளைக்கு 2 கிலோ 700 கிராம். அதில் நியாயவிலைக் கடைப் பருப்பு ஒரு கிலோ போக, டப்பாவில் மீந்திருந்த அரைக் கிலோவும் போக, கடையில் வாங்கவேண்டியது ஒன்றேகால் கிலோவுக்குள் அடங்கிவிட்டது. இத்தனை ஆண்டுகள் கணக்கெழுதியவன் வீட்டில் இந்தக் கணக்கைப் போடாமல் இருந்ததற்காக வருந்தினேன். பருப்புக்கும் உளுந்துக்கும் எண்ணெய்க்கும் ஒருமுறை இப்படி அளந்து அடுக்களைச் சுவரில் குறித்துவைத்தால், பிறகு சிட்டை எழுதக் கால்மணி நேரம் போதும். ஆனால் டப்பாக்களைத் திறந்து பார்த்த பின்பே எழுத உட்கார வேண்டும்.

குடும்ப அட்டைக்கு நியாயவிலைக் கடையில் துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்கும் தருகிறார்கள். அந்தப் பையை வாங்கி வந்த பிறகே மளிகைச் சிட்டையை எழுதுவது நல்லது. பொட்டலப் பொருட்களில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடை இருக்கும். ஆனால் ஒரே உயரத்தில் நிற்கும் இரண்டு பைகளில் ஒன்று முழு லிட்டராகவும் மற்றொன்று அதற்குக் குறைவாகவும் இருக்கலாம். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளில் பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பதையும் பொட்டலத்தின் மேல் அச்சிடுகிறார்கள். அந்தச் சிறிய எழுத்தைப் படிப்பவர்களை நான் கடையில் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் மாதச் சிட்டையில் சேர்க்க வேண்டியதில்லை. புதுப் புளியும் மிளகாயும் வரத்து கூடும் மாசி, பங்குனியில் ஆண்டுக்கு வேண்டியதை வாங்கி, வீட்டின் உள்முற்றமான வளவில் காயவைத்து, மங்கு ஜாடியில் அடைத்துவைத்த வீடுகள் நம் பகுதியில் ஏராளம். அண்டையில் இராமநாதபுரம் முண்டு மிளகாய் விளைகிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இடமும் வெயிலும் உள்ளவர்கள் இவற்றை ஆண்டுக் கணக்கில் வாங்குவதே சிக்கனம். பட்டை, கல்பாசி, மராட்டி மொக்கு ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. ஒரு குழம்புக்கு ஒரு துண்டே போதுமானதை 100 கிராம் வாங்கினால், தீரும் முன் மணம் போய்விடும்; 25 கிராம் போதும்.

திருவிழாவுக்கும், முன்னோரை வணங்கும் படைப்புக்கும் வந்து, பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைத் திறப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள் உண்டு. சென்னையிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் வருபவர்கள், “பத்து நாளைக்கு வேண்டியதைப் போட்டுவிடுங்கள்” என்று சொல்லிவிடுவார்கள். எத்தனை பேர், எத்தனை வேளை என்ற கணக்கு இருக்காது. அவர்கள் போன பிறகு, ரவையும் மைதாவும் வண்டு விழுந்து குப்பைக்குப் போவதை வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள் சொல்லக் கேட்டு மனம் வருந்தியிருக்கிறேன். திருமணத்தையே இசைகுடிமானம் என்னும் ஒப்பந்த ஏடாக எழுதிவைத்துக்கொள்ளும் மண் இது. பற்றுவரவும் ஐந்தொகையும் எழுதிப் பெயர் பெற்ற ஊர்கள் இவை. வீட்டைப் பூட்டும் முன் மீந்த சாமானை ஒரு தாளில் நாளிட்டு எழுதி, சாமான் வைக்கும் உக்கிராண அறைக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டால், அடுத்து வரும் பங்காளி அதைப் பார்த்துத் தம் சிட்டையை எழுதிக்கொள்வார். கெடக்கூடியதை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிடலாம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு விண்ணப்பம். மாதத்தின் கடைசி ஞாயிறன்று, பொருள், வீட்டில் இருப்பது, வாங்கவேண்டியது என மூன்று பத்திகள் கொண்ட வெற்றுப் பட்டியல் ஒன்றை, பருப்பு, எண்ணெய், சில்லறைச் சாமான், சோப்பு வகை என்று பிரித்து, வெட்டி எடுத்துக்கொள்ளும் அளவில் அச்சிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மளிகைக் கடைக் கணக்கர்,
காரைக்குடி.