வலைத்தள உருவாக்குநர் சங்கம்: 2025-ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் கல்லூரி முடித்த கையோடு வந்தவர்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற பழைய பிரவுசரோடு மல்லுக்கட்டிய அனுபவம் இல்லாதவர்கள். பிரவுசர்களில் வரும் புதிய வசதிகளை உடனே பயன்படுத்தலாமா, பழையவற்றுக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று அவர்களுக்கும் மூத்தவர்களுக்கும் நடந்த வாக்குவாதத்திலேயே ஆண்டின் பெரும்பகுதி போனது. அறிக்கையும் அதைப் பற்றித்தான்.

தொடங்கி வைத்தது ‘ஹேஸ்’ என்ற வசதி. வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் வந்தது. ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து அந்தப் பெட்டியின் தோற்றத்தையே மாற்ற உதவுவது. சஃபாரியில் 2022 மார்ச்சிலும் குரோமில் அதே ஆண்டு ஆகஸ்டிலும் வந்துவிட்டது. ஃபயர்பாக்ஸுக்கு 2023 டிசம்பர் ஆனது. முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்து 30 மாதம் கழிந்தால்தான் ‘பரவலாகக் கிடைப்பது’ என்று, வசதிகளை வகைப்படுத்தும் பேஸ்லைன் என்ற திட்டம் முத்திரை குத்தும். அந்தக் கணக்குப்படி 2026 ஜூன் வரை பொறுக்க வேண்டும். “அதுவரைக்கும் யார் சார் காத்திருப்பாங்க?” என்று இளைய உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

பதிலாக மூத்தவர்கள் ஒரு கடையின் தளத்தைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். ஒரு விதி பக்கத்தின் எந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்று சொல்பவை சிஎஸ்எஸ் தேர்விகள்; காற்புள்ளியிட்டு அடுக்கிய அவற்றில் ஒன்று புரியாவிட்டாலும் பிரவுசர் அந்த விதி முழுவதையும் தள்ளிவிடும். ‘ஹேஸ்’ புரியாத பழைய போனில் அப்படித் தள்ளப்பட்டது, ‘பணம் செலுத்து’ பொத்தானைக் காட்டும் விதி. பக்கம் அழகாகத்தான் இருந்தது; பொருளை வாங்கத்தான் வழியில்லை.

மூத்தவர் ஒருவர் 90-களின் கடைசிக்கே போய்விட்டார். அன்றைய தமிழ்த் தளங்களில் ஒரே எழுத்துருவை எக்ஸ்ப்ளோரருக்கு ஈஓடி, நெட்ஸ்கேப் பிரவுசருக்குப் பிஎஃப்ஆர் என்று இரண்டு வடிவில் ஏற்றி வைப்பார்களாம். உரிய கோப்பு இறங்காவிட்டால் வாசகருக்குத் தமிழுக்குப் பதில் புரியாத லத்தீன் குறிகள் வரிசைகட்டி நிற்கும். இந்தக் கதையை எல்லாரும் முன்பே கேட்டிருக்கிறோம். ஆனாலும் இம்முறை யாரும் எழுந்து போகவில்லை.

ஆகஸ்டில் சூடு ஏறியது. எக்ஸ்எம்எல் வடிவத் தரவைப் படிக்கத்தக்க பக்கமாக மாற்றும் மொழி எக்ஸ்எஸ்எல்டி. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999-இல் வெளியிட்ட அதைப் பிரவுசர்களிலிருந்து நீக்கலாம் என்ற யோசனையைக் கூகுள் தரப்பு முன்வைத்த நேரம் அது. பயன்படுத்துவோர் குறைவு, குரோம் நம்பியிருக்கும் பழைய சி மொழி நிரல் தொகுப்பில் பாதுகாப்பு ஓட்டைகள் என்பது அவர்கள் வாதம். தளங்களின் புதிய பதிவுகளைப் பட்டியலிடும் ஆர்எஸ்எஸ் ஓடைகளையும் அரசு ஆவணங்களையும் படிக்கும்படி காட்ட அதை நம்பியிருப்பவர்கள் கொதித்தார்கள்.

நம் கூட்டத்தில் நீக்கக்கூடாது என்றவர்கள் 2018-ஐ நினைவூட்டினார்கள். அன்று, பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ‘ஃப்ளாட்டன்’ என்றொரு செயற்கூறு சேரவிருந்தது. தளங்கள் பயன்படுத்திய மூடூல்ஸ் என்ற பழைய நிரல் தொகுப்பில் அதே பெயர் இருந்ததால், ஃபயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் ஒரு தளம் உடைந்தது. ‘ஸ்மூஷ்’ என்று மாற்றலாம் என ஒருவர் கேலியாகச் சொல்லப்போய் அது தனிச் சண்டையாக வெடித்து, கடைசியில் ‘ஃப்ளாட்’ என்று முடிந்தது. பழைய தளம் உடையக்கூடாது என்பதற்காகப் புதிய பெயரையே விட்டுக்கொடுத்த உலகம், இப்போது முழு வசதியையும் தூக்க நினைப்பது எந்த ஊர் நியாயம் என்றார்கள். பராமரிக்க ஆளில்லாத நிரலைக் கோடிக்கணக்கானோர் தலையில் கட்டுவது மட்டும் நியாயமா என்று எதிர்த்தரப்பு. இரு பக்கமும் உண்மை இருப்பதாகவே எனக்குப் பட்டது. முடிவு நம் கையில் இல்லாததால் தீர்மானம் போடவில்லை.

நம் கையில் இருப்பது வேறு. அதே ஆகஸ்டில் வந்த குரோம் 139-க்கு ஆண்ட்ராய்டு 10 வேண்டும். 8, 9 வைத்திருப்பவர்கள் 138-லேயே நின்றுவிட்டார்கள். ஐபோனிலோ ஐஓஎஸ் புதுப்பிப்பு நின்றால் சஃபாரியும் நின்றுவிடும். பழைய பக்கம் உடையக்கூடாது என்று இவ்வளவு சண்டை போடுகிற நாம், பழைய போன்காரரைப் பற்றிப் பேச மறந்துவிட்டோம் என்பது என் குறை.

எனவே செயற்குழு முன்மொழிவது: அலங்காரத்துக்குப் புதிய வசதியை இன்றே பயன்படுத்தலாம். படிவம், பணம், உள்நுழைவு ஆகியவை அது இல்லாமலும் வேலை செய்ய வேண்டும். இதை வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் பழைய போன் சும்மா கிடந்தால், சோதனைக்கு உதவும். சார்ஜரோடு சங்கத்தில் கொடுங்கள். சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்