பாலத்தில் நிறுத்தாத வண்டி

திருவொற்றியூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் மாடிப்படி ஏறாதே என்று சொன்னால் நாலு தடவை ஏறி இறங்குகிறாள். வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளத்துக்கு டைப் அடிக்க என் கட்டை விரலுக்குப் பொறுமை இல்லை. அதனால் பேப்பரில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பிவிடுவான்.

கலிஃபோர்னியாவில் காரில் போகும்போது வழியில் நிறுத்தி எடுத்து நீ அனுப்பிய படங்களை அவன்தான் பெரிசாக்கிக் காட்டினான், விவரமும் படித்துச் சொன்னான். பேக்கர் என்ற அந்த ஊரில் ஒரு தெர்மாமீட்டரை 134 அடி உயரத்துக்கு நட்டு வைத்திருக்கிறார்களே, அதென்ன கணக்கு 134 என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து டெத் வேலி பாலைவனத்தில் 1913-இல் 134 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில் பதிவானதாம். நம்ம கணக்குக்கு 56.7. டிகிரிக்கு ஒரு அடி வீதம் 1991-இல் கட்டினார்களாம். வெயிலுக்குக் கொடிமரம் நட்ட ஊர்! நம்ம ஊரில் மே மாதம் 42 தொட்டால் மோர்ப்பந்தல் வைப்பதோடு சரி.

கபசோன் என்ற ஊரின் டைனோசர் அதைவிடப் பிடித்தது. ஓட்டல்காரர் ஒருத்தர், ரோட்டில் பறக்கிற கார்கள் தன் கடை வாசலில் நிற்கவேண்டும் என்பதற்காக 1964-இல் ஆரம்பித்து, பதினோரு வருஷம் இரும்பும் சிமென்ட்டும் போட்டு 150 அடி நீளத்துக்கு ஒரு மிருகத்தைக் கட்டியிருக்கிறார். அதன் வயிற்றுக்குள் ஒரு கடை வேறு. இட்லி வியாபாரத்துக்கு இவ்வளவு மெனக்கெட்ட ஆளை நான் கேள்விப்பட்டதில்லை. நம்ம எண்ணூர் ரோட்டில் வண்டியை நிறுத்த யாரும் எதுவும் கட்டவேண்டிய அவசியமில்லை. கன்டெய்னர் லாரி வரிசை ஒன்று போதும். ஒரு மணி நேரம் அசையாமல் நின்று எல்லாவற்றையும் ரசிக்கலாம்.

போன வாரம் போனில், "இதுக்கெல்லாமா நிறுத்துவ, நேரமாகுதுன்னு அவர் முணுமுணுத்தாருப்பா" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சுருக்கென்றது. ஏனென்று கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால், எங்கள் ராஜஸ்தான் கதையைக் கேட்டிருந்தாயே, அதைச் சொல்லிவிடுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள்.

என்ஃபீல்டு கம்பெனியில் என்னோடு ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர், வீட்டுக்காரம்மாக்களோடு எட்டுப் பேர். எக்மோரில் ஏறி ரெண்டு ராத்திரி ரயிலிலேயே படுத்து ஜோத்பூர் போய் இறங்கினோம். அங்கே ஒரு வேன் பேசினோம். டிரைவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இந்தி தெரியாது. "சாய்", "ரோக்கோ" இந்த ரெண்டு வார்த்தையில் ஏழு நாளை ஓட்டினோம்.

எல்லாரும் ஜைசல்மேர் கோட்டையும் ஒட்டகமும் பார்க்கக் கிளம்பினார்கள். நாங்கள் நாலு கிழவர்கள் மட்டும் முதல் நாளே எதிர்த் திசையில் பாலி ரோட்டைப் பிடிக்கவேண்டும் என்று அடம்பிடித்தோம். ஜோத்பூரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் ஒரு கோயில். சாமி யார் தெரியுமா? புல்லட். நம்ம புல்லட். 350 சிசி. நம்பர் ஆர்.என்.ஜே. 7773.

கதை இதுதான். அந்தப் பக்கத்து வாலிபன் ஒருத்தன், ஓம் பன்னா என்கிறார்கள், இந்த வண்டியில் வரும்போது ரோட்டோர மரத்தில் மோதி இறந்துபோனான். போலீஸ் வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. விடிந்து பார்த்தால் வண்டி அதே மரத்தடியில் நிற்கிறதாம். பெட்ரோலைக் காலி செய்து, சங்கிலி போட்டுப் பூட்டியும் திரும்ப வந்துவிட்டதாம். அதற்குமேல் அதை யாரும் நகர்த்தவில்லை. இப்போது கண்ணாடிக் கூண்டுக்குள் மாலையும் பொட்டுமாக நிற்கிறது. அந்த மரத்தில் சிவப்புக் கயிறும் வளையலும் தொங்குகின்றன. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்கள், சிலர் பாட்டிலைத் திறந்து படைக்கிறார்கள். நமக்கொன்றும் புதிசில்லை. புது வண்டி வாங்கினால் சென்ட்ரல் பக்கம் பாடிகாட் முனீஸ்வரனிடம் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம், அவருக்கும் சாராயம், சுருட்டு உண்டு. இங்கே வண்டிக்குச் சாமியிடம் பூஜை, அங்கே வண்டியே சாமி. அவ்வளவுதான் வித்தியாசம்.

பெட்ரோல் இல்லாமல் வண்டி நடந்து வந்த கதையை நான் நம்பவில்லை. இந்த வண்டி பெட்ரோல் இருந்தே சில நாள் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றதும் கை தானாகக் கூப்பிக்கொண்டது. உயிருள்ள எதையோ அடைத்து வைத்த மாதிரி இருந்தது, பாப்பா. சிலிண்டர் உள் அகலம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். ராத்திரி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 1955-லிருந்து ஊருக்கெல்லாம் அந்த வண்டி நம்ம தெருக்கோடியிலிருந்துதானே போனது. சங்கு ஊதினதும் சோத்து டப்பாவோடு ஓடுவேனே, அந்த கேட்டைத் தாண்டித்தான் இதுவும் வந்திருக்கவேண்டும். எந்த ஷிஃப்டில், யார் கையால் என்று எப்படிச் சொல்வது? குனிந்து குனிந்து என்ஜின் நம்பர் தெரிகிறதா என்று பார்த்தேன். மாலைதான் தெரிந்தது.

அதற்குள் உன் அம்மா வரிசையில் நின்றவர்களிடம் தமிழிலேயே, "இது இவரு செஞ்ச வண்டிங்க, மெட்ராஸ்ல" என்று பிரசாரம் ஆரம்பித்துவிட்டாள். ஒரு கூட்டமே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

வெளியே வந்தால் ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், பழைய வண்டி ஒன்றை நிறுத்தினான். வலது காலில் கியர், இடது காலில் பிரேக், அந்தக் காலத்து மாடல். என்ஜின் ஓடும்போதே கேட்டுவிட்டேன், டேப்பட் சத்தம், வால்வைத் தள்ளுகிற பாகம் லூசானால் வருவது. தையல் மிஷின் மாதிரி டிக்கு டிக்கு டிக்கு என்று. காதில் விழுந்த பிறகு சும்மா போக முடியுமா? அவனிடம் காதைக் காட்டி, வண்டியைக் காட்டி, ஸ்பேனர் என்றேன். அது எல்லா ஊருக்கும் பொதுவான சொல். டூல் பாக்ஸைத் திறந்துவிட்டான்.

ஆனால் டேப்பட்டைச் சூட்டில் தொடக்கூடாது. என்ஜின் நன்றாக ஆறவேண்டும். அவன் எங்கிருந்தோ முறுக்கிக்கொண்டு வந்திருக்கிறான், என்ஜின்மேல் கை வைக்க முடியவில்லை. சரி, உட்கார் என்றேன். மண் குவளையில் டீ வந்தது. இன்னொன்று வந்தது. வேன் டிரைவர் வாட்சைக் காட்டினான். கூட வந்த பெண்கள் வேனுக்குள் ஏறி உட்கார்ந்து முறைத்தார்கள். நான் மட்டும் அந்தப் பையனோடு மரத்தடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேச முடியாது. அவன் போனில் அவன் கல்யாணப் படத்தைக் காட்டினான். நான் என் போனில் உன் படம் ஏதாவது இருக்குமா என்று தேடி, நீ கல்லூரியில் பட்டம் வாங்கிய படத்தைக் காட்டினேன்.

ஆறினதும் வலது பக்கம் அந்த ஒற்றை நட்டைக் கழற்றினேன். மூடியை எடுத்தால் உள்ளே ரெண்டு புஷ்ராடு, வால்வைத் தள்ளுகிற கம்பிகள். கம்ப்ரஷனில் பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, விரலால் சுழற்றிப் பார்க்கவேண்டும். தடையில்லாமல் சுற்றவேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. இதற்கு எந்த கேஜும் வேண்டாம், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்தான் கணக்கு. ஒன்று தேவலை. எக்ஸாஸ்ட் பக்கத்து ராடு ஊஞ்சல் மாதிரி ஆடியது. ரெண்டு ஸ்பேனர் போட்டு கால் திருப்பு, இன்னும் கொஞ்சம், லாக் நட்டை இறுக்கி, திரும்பச் சுழற்றிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் விட்டு. கண்ணாடி போடாமலே செய்தேன். விரலுக்கு மறக்கவில்லை.

பையன் அம்மீட்டரைப் பார்த்து முள்ளை நடுவில் கொண்டுவந்து, ஒரே கிக். டப், டப், டப், டப். அந்த டிக்கு டிக்கு போயே போச்சு. அவன் "மெட்ராஸ்? என்ஃபீல்டு?" என்று கேட்டான். தலையாட்டினேன். பட்டென்று குனிந்து காலைத் தொட்டுவிட்டான். கோயில் வாசலில், சாமியை விட்டுவிட்டு என் காலை! உன் அம்மா பெருமையில் அழுதுவிட்டாள். நான் கையில் இருந்த கிரீஸை எங்கே துடைப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

மற்றதையெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜைசல்மேருக்கு 17 கிலோமீட்டரில் ஆகல் என்று ஓர் இடம். 18 கோடி வருஷத்துக்கு முந்தின மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பாலைவனம் என்கிற இடத்தில் ஒரு காலத்தில் அடர்ந்த காடு. ஒவ்வொரு கட்டைக்கும் கம்பிக் கூண்டு, மேலே தகரம், பார்க்க நம்ம தெரு இஸ்திரிக் கடை மாதிரி. அதைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தோமே, திண்டிவனம் பக்கத்தில் திருவக்கரையில் இதே கல்மரம் இருக்கிறது, எத்தனை தடவை அந்த வழியாகப் போயிருக்கிறோம், ஒருநாளாவது திரும்பினோமா என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. தனோட் எல்லையோரக் கோயிலில் 1965 சண்டையில் விழுந்து வெடிக்காத குண்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பூஜை செய்வது எல்லைப் பாதுகாப்புப் படைக்காரர்கள். குல்தாரா என்று ஆளே இல்லாத ஊர், கூரையில்லாத வீடுகள். பேய் என்றார்கள். எனக்குப் பேய் ஒன்றும் தெரியவில்லை, திண்ணைகள் தெரிந்தன, அதுதான் ஒரு மாதிரி இருந்தது.

பிகானேர் பக்கத்தில் தேஷ்நோக் எலிக்கோயில் வாசலில் மட்டும் அம்மா இறங்கவே மாட்டேன் என்றாள். ஆயிரக்கணக்கில் எலி, காலில் ஏறி ஓடுமாம், வெள்ளை எலியைப் பார்த்தால் அதிர்ஷ்டமாம். "வூட்டாண்ட பெருச்சாளியோட நான் படுற பாடு போதாதா, துட்டு குடுத்து ரயில்ல வந்து வேற பாக்கணுமா?" என்றாள். டிரைவருக்குப் புரியவில்லை, ஆனால் அவனும் சிரித்தான்.

இப்போது அந்தச் சுருக்கென்ற விஷயம்.

உனக்கு ஏழு வயது இருக்கும்போது பழவேற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், ஞாபகம் இருக்கிறதா? டேங்க் மேல் உன்னை உட்காரவைத்து, பின்னால் அம்மா. எண்ணூர் கழிமுகத்துப் பாலத்தில் ஏறினதும் நீ, "அப்பா நிறுத்துப்பா, நிறுத்துப்பா" என்று குதித்தாய். அந்த அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியில் எத்தனை சிவப்புப் பட்டை, எத்தனை வெள்ளைப் பட்டை என்று எண்ணவேண்டும் உனக்கு. தண்ணீரில் இறால் பிடிக்கிறவர்கள் இடுப்பளவுக்கு நின்று கையால் தடவிக்கொண்டிருந்தார்கள், அதையும் பார்க்கவேண்டும். நான் நிறுத்தவில்லை. "நேரமாகுது கண்ணு, வர்றப்ப பாத்துக்கலாம்" என்றேன். வரும்போது இருட்டிவிட்டது. நீ டேங்க் மேலேயே தூங்கிவிட்டாய்.

நேரம் ஒன்றும் ஆகவில்லை, பாப்பா. அன்று ஞாயிற்றுக்கிழமை. விஷயம் என்னவென்றால், நம்ம வண்டி சூடேறிவிட்டால் அணைத்த பிறகு ஒரு கிக்கில் பிடிக்காது. பத்து, பதினைந்து அடிக்கவேண்டும். பாலத்தில் போகிற வருகிறவர்களில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள். என்ஃபீல்டுக்காரன் நடுப்பாலத்தில் வேர்க்க விறுவிறுக்க உதைத்துக்கொண்டு நிற்பதா என்ற வெட்கம். அந்த வெட்கத்துக்கு நேரம் என்று பெயர் வைத்துவிட்டேன். அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அந்த வண்டி இன்னும் மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாயில்தான் இருக்கிறது. போன மாதம் பாயின்ட்டைச் சுத்தம் செய்து, ஆயில் மாற்றி, டேப்பட் பார்த்து வைத்திருக்கிறேன். அந்த ராஜஸ்தான் பையன் வண்டி மாதிரியே ஓடுகிறது, குளிர்ந்திருக்கும்போது. சூட்டில் பழைய குணம் போகவில்லை.

டிசம்பரில் நீங்கள் வரும்போது ஒரு ஞாயிறு காலியாக வை. பாலத்தில் நிறுத்துகிறேன். பட்டையை நீ எண்ணிக்கொண்டிரு, எவ்வளவு நேரமானாலும் சரி. கிக் அடிக்க மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, எனக்கு இப்போது இடுப்பு தாங்காது.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: தெர்மாமீட்டர் பக்கத்தில் நீ நிற்கிற படத்தை அம்மா பிரிண்ட் போடச் சொல்கிறாள். தலையில் தொப்பி இல்லாத படம் ஒன்று இருந்தால் அனுப்பு.