வாசல் பலகை பற்றி விகாரை நிர்வாகக் குழுவுக்கு

பெங்களூரில் நம் விகாரையை நடத்தும் அண்ணன்மார்களுக்கு,

நமோ புத்தாய. போன பௌர்ணமியன்று வாசலில் புதுப் பலகை பார்த்தேன். 'குடிப்பழக்கம் உள்ளவர்களுக்குப் பஞ்சசீலம் வழங்கப்பட மாட்டாது.' பௌர்ணமிக்குப் பௌர்ணமி நாம் சொல்லி ஏற்கும் ஐந்து நெறிகளைத்தான் சொல்கிறது. எனக்கு முன்னால் நின்றவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பெயிண்ட் வேலை செய்பவர். நகக்கண்ணில் வெள்ளை டிஸ்டெம்பர் அப்படியே இருந்தது. அன்று அவரிடம் வாடை எதுவும் இல்லை. படித்து முடித்து, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினார். ஊதுபத்திப் பாக்கெட்டை என் கையில் கொடுத்து, "நீ ஏத்திடுப்பா" என்று சொல்லிவிட்டு அல்சூர் பக்கம் நடந்தார்.

நான் குடிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். சம்பள நாள் இரவில் எங்கள் வீடு எப்படி இருந்திருக்கும் என்று உங்களில் பாதிப் பேருக்குச் சொல்லவே வேண்டாம். பாபாசாகேப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவியவர்களை ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

ஆனால் மதுவை விலக்கும் ஐந்தாம் சீலத்தைப் பாலியில் எப்படிச் சொல்கிறோம்? 'சுராமேரய மஜ்ஜ பமாதட்டானா வேரமணி சிக்காபதம் சமாதியாமி.' சிக்காபதம் என்றால் பழகிக்கொள்ள வேண்டிய நெறி. சமாதியாமி என்றால் நான் ஏற்கிறேன். ஒருவர் தானே எடுத்துக்கொள்வதை நீங்கள் எப்படி 'வழங்க மாட்டோம்' என்பீர்கள்? ஒரு தடவை சொன்னால் போதும் என்றால், பௌர்ணமிக்குப் பௌர்ணமி எதற்கு மறுபடி சொல்கிறோம்?

மணிமேகலையில் வரும் சாதுவனை நினைத்துப் பாருங்கள். கணிகைக்கும் சூதுக்கும் சொத்தை அழித்தவன். கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். நாகர் தலைவன் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்கிறான், இவன் மறுக்கிறான். கள் காய்ச்சும் பானையும் உலரும் எலும்பும் முடைநாற்றமுமாக இருந்த அந்த இடத்திலேயே உட்கார்ந்துதான், 'மயக்கும் கள்ளும் மன்னுயிர் கோறலும் கயக்கறு மாக்கள் கடிந்தனர்' என்று சொல்கிறான். முதலில் பானையை அப்புறப்படுத்து, பிறகு சொல்கிறேன் என்று சொல்லவில்லை. அந்தத் தலைவனால் எவ்வளவு முடியுமோ அவ்வளவுக்குத்தான் அறத்தையும் சொல்கிறான். சாத்தனார் இதையெல்லாம் சும்மா எழுதிவைக்கவில்லை.

புத்தரின் சீடரான சாகத தேரர் கதை உங்களுக்குத் தெரியும். கோசாம்பியில் வீட்டுக்கு வீடு மது ஊற்றிக்கொடுக்க, ஊர் வாசலிலேயே விழுந்து கிடந்தார். பிக்குகள் குடிக்கக் கூடாது என்று புத்தர் விதி வகுத்தார். அவரைச் சங்கத்தை விட்டுத் துரத்தவில்லை.

சரி, இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். உள்ளே புத்தர் சிலைக்கு மேல் ஓடுகிற காற்றாடியின் மூன்று இறக்கையிலும் சிவப்பில் 'உபயம்' என்று எழுதி ஒருவர் பெயர் இருக்கிறது. அவருக்கு எத்தனை ஒயின் ஷாப் என்று ஏரியாவுக்கே தெரியும். இல்லறத்தில் இருக்கும் பௌத்தனான உபாசகன் செய்யக்கூடாத வணிகம் என்று புத்தர் உரைகளின் தொகுப்பான அங்குத்தர நிகாயம் ஐந்தைச் சொல்கிறது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. விற்றவர் பெயர் புத்தர் தலைக்கு மேல் சுற்றுகிறது; வாங்கிக் குடித்தவர் செருப்போடு திரும்பிப் போகிறார்.

பலகையைக் கழற்றிவிடுங்கள். அடுத்த பௌர்ணமிக்கு அவரை நானே கூட்டிவருகிறேன். காற்றாடி இருக்கட்டும், வெயில் காலம். பெயரை மட்டும் அழித்தால் போதும். பெயிண்ட் அவரே கொண்டுவருவார்.