பிளாட்டில்லா காசு

டேய் செல்வா,

உன் லெட்டர் வந்துச்சு. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல பெரிய நிம்மதி, சொட்டு மருந்து மட்டும் நேரம் தவறாம போடச் சொல்லு. இங்க சின்னவ ஹாஸ்டலுக்குப் போயிட்டா, வீடு வெறிச்னு கெடக்கு. அதான் எனக்கு பழைய காசுக் கிறுக்கு திரும்பப் புடிச்சிருச்சு, திட்டாத.

இந்த தடவ வாங்கினது ரோமன் டினாரியஸ். நம்ம பழைய நாலணா சைஸ்தான், மூணு கிராம் சொச்சம். பேருதான் வெள்ளி, ரோம் ராஜா செப்டிமியஸ் செவெரஸ் ஆட்சியில கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி செம்ப கலந்துட்டாங்க. முன்பக்கம் அவர் மருமக பிளாட்டில்லா, அலை அலையா வாரி பின்னால கொண்டை போட்ட சின்னப் பொண்ணு. பின்பக்கம் அவளும் புருஷன் காரகல்லாவும் கை புடிச்சுட்டு நிக்கறாங்க, சுத்தி லத்தீன்ல ராஜவம்சம் தழைக்கணும்ங்கற மாதிரி எழுத்து. பார்த்தா அச்சு அசல் கல்யாண ஆல்பம்.

உள்ள நடந்தது வேற. கல்யாணம் கி.பி. 202ல. பொண்ணோட அப்பா பிளாட்டியானஸ் ராஜாவுக்கு வலதுகை, அம்பது ராணிக்குப் போதற சீர் குடுத்தாருன்னு அந்தக் கால வரலாற்று ஆசிரியர் காசியஸ் டியோ எழுதறார், அத ஊர் நடுவுல தூக்கிட்டுப் போனத அவரே கண்ணால பார்த்திருக்கார். மாப்ள என்னடான்னா அவகூட ஒக்காந்து சாப்பிடக்கூட மாட்டேன்னுட்டானாம். 205ல மாமனார கொன்னாங்க, இவள லிப்பாரி தீவுக்கு நாடு கடத்திட்டாங்க, 211ல செவெரஸ் கண்ண மூடினதும் காரகல்லா இவளையும் தீர்த்துக் கட்டிட்டான்.

மாமியார் ஜூலியா டோம்னா கதை இன்னும் மோசம்டா. அதே 211 டிசம்பர்ல சின்ன மகன் கெட்டாவ அவ மடியிலயே வெட்டிப் போட்டாங்க, ஏவினது அண்ணன்காரன், தடுக்கப் போன அம்மா கையிலயும் வெட்டு, அழக்கூட விடலையாம். அதுக்கப்புறம் வந்த காசுலதான் அவ பேரோட 'ஃபெலிக்ஸ்'னு சேர்த்தாங்க, பாக்கியவதின்னு வச்சுக்கோ. என்ன நெஞ்சழுத்தம் பாரு.

எல்லாமே வேஷம்னும் சொல்ல மாட்டேன். இவங்களுக்கு முன்னாடி இருந்த ராஜா அன்டோனினஸ் பயஸ் பொண்டாட்டி ஃபாஸ்டினா 140 வாக்குல செத்தா, அவர் 161ல சாகற வரைக்கும் அவ முகத்த காசுல போட்டுட்டே இருந்தார், மறு கல்யாணமும் பண்ணல (வைப்பு ஒருத்தி இருந்தா, அது வேற விஷயம்). அவ்ளோ அடிச்சதால அவ காசுதான் இன்னிக்கு சல்லிசா கெடைக்குது.

உங்க கோயம்புத்தூர் பக்கம் புதையல்ல வந்த ரோமன் வெள்ளியில டைபீரியஸ்ங்கற ராஜாவோட காசு நெறைய இருக்கு, அதுல பின்னாடி ஒக்காந்திருக்கற பொம்பள அவரோட அம்மா லிவியான்னு நெறைய பேர் சொல்றாங்க. பேர் கூட போடல பாரு. மியூசியம் பக்கம் போனா அந்த காசு வச்சிருக்காங்களான்னு பார்த்து எழுது, லீவுல சின்னவளக் கூட்டிட்டு வரேன்.

உன்
ரவி