ஈ.சி.ஜி. நார்மல் என்ற பிறகு ஒரு நிமிடம்

மதுரையின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இரவு பகலாக வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். நான் சிம்மக்கல் பக்கம் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அப்பா. எனக்குப் பல வருடங்களாகப் பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று தாக்கும் கடும் பயம், வந்து போகிறது. வராத நாட்களில், எப்போது வருமோ என்ற படபடப்பு.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு ஈ.சி.ஜி. சரியாக இருந்தால், "ஒண்ணுமில்ல, கேஸ் டிரபிளா இருக்கும், டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். இது பேனிக் அட்டாக்காக இருக்கலாம், இதற்கு வைத்தியம் உண்டு, இன்ன இடத்தில் போய்ப் பாருங்கள் என்று சொல்லுங்கள். சீட்டிலும் எழுதிக் கொடுங்கள்.

ஏ.வி. பாலத்தில் கோரிப்பாளையம் சிக்னலுக்காக வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும் காலை நேரம். பின்னால் ஸ்கூல் பையோடு மகள். திடீரென்று நெஞ்சு அடைக்கும். விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் ஊசி குத்தும். செத்துவிடுவோம் என்பதில் அந்த நேரத்தில் துளிகூடச் சந்தேகம் இருக்காது. அதைவிடப் பெரிய பயம், வண்டி சாய்ந்தால் பிள்ளை என்ன ஆவாள் என்பது. முதுகுப் பக்கம் அவள் என் சட்டையை இறுக்கிப் பிடிப்பது தெரியும். "ஓரமா நிப்பாட்டுங்கப்பா" என்பாள். என் தோள் விறைப்பதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

ஒருமுறை அவசரப் பிரிவு பெஞ்சில் என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்பாவுக்கு ஒண்ணுமில்ல பாப்பா, கூட்டிட்டுப் போ" என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து, கை நடுங்க, அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஒன்றுமில்லாததற்கு அப்பா ஏன் அப்படி ஆனார்? அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. நான் மூச்சு விடுகிறேனா என்று என் வயிற்றையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளுக்குச் சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை, எனக்கே யாரும் சொல்லவில்லையே.

பிறகு ஒரு மனநல மருத்துவர் உட்காரவைத்து விளக்கினார். அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாகத் துடிக்கிறது. வேகவேகமாக மூச்சு விடுவதில் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால்தான் விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கிவிடும். இவ்வளவுதான். இதை வீட்டில் மகளுக்கு அப்படியே சொன்னேன். "அப்ப செத்துற மாட்டீங்கள்ல?" என்று கேட்டாள். மாட்டேன் என்று காரணத்தோடு சொல்ல முடிந்தது. அதற்காகப் பிள்ளையை நர்ஸாக்கிவிடக் கூடாது. அப்பாவுக்கு வந்தால் அம்மாவைக் கூப்பிட வேண்டும், அப்புறம் விட்ட வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். பாலத்தையும் நான் விடவில்லை. பயந்து ஒதுங்கினால் பயம்தான் வளரும் என்பது சிகிச்சையிலேயே ஒரு பாடம். அதோடு, அப்பன் எதைக் கண்டு ஒதுங்குகிறானோ அதைக் கண்டு ஒதுங்கப் பிள்ளையும் பழகிக்கொள்ளும்.

என்ன நோய் என்று தெரியாமல் வீட்டுக்குப் போகிறவர் அடுத்து எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோபி என்று அலைகிறார். மெடிக்கலில் யாரோ கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையைத் தானாகவே தொடர்கிறார். அது சட்டென்று படபடப்பை அடக்கும், ஆனால் உடம்பு அதற்குப் பழகி விட முடியாமல் போகலாம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கோரிப்பாளையம் தர்காவுக்கும் பாண்டி கோயிலுக்கும் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அம்மா கட்டிவிட்ட கயிறு என் கையிலும் இருக்கிறது. கயிறு கட்டிக்கொண்டவர் வைத்தியத்துக்கும் வர வேண்டும் என்பதுதான் என் கவலை. பேனிக்குக்கு மருத்துவர் எழுதித் தரும் செர்ட்ரலின், எஸ்சிடாலோபிராம் போன்ற மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், ஆரம்பத்தில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம், திடீரென்று நிறுத்தக் கூடாது. இதையெல்லாம் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளிடம் அனுப்பிவைக்க உங்களால்தான் முடியும், ஏனென்றால் நாங்கள் முதலில் ஓடி வருவது உங்களிடம்.

ஈ.சி.ஜி. எடுப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. மாரடைப்பு இல்லை என்பதை முதலில் உறுதி செய்யத்தான் வேண்டும், தைராய்டையும் பார்க்கத்தான் வேண்டும். பேனிக் என்று ஏற்கெனவே சீட்டில் எழுதியிருப்பவருக்கும் ஒருநாள் நிஜமாகவே மாரடைப்பு வரலாம், அவரையும் பரிசோதிக்காமல் அனுப்பிவிடாதீர்கள். உங்கள் வேலைப் பளுவும் தெரியும். விபத்தில் அடிபட்டவர் பக்கத்துக் கட்டிலில் கிடக்கும்போது எனக்குப் பாடம் எடுக்கச் சொல்வது நியாயமில்லை. ஒரு நிமிடம் போதும். மனநலப் பிரிவு என்றால் பைத்தியம் என்று நினைக்கிற ஊர் இது. சர்க்கரைக்கு அனுப்புவதுபோல நீங்கள் சாதாரணமாகச் சொன்னால் நாங்களும் சாதாரணமாகப் போவோம். கூட வந்த பிள்ளையிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 21ஆம் பிரிவில், உடல் நோய்க்குக் கிடைக்கும் அதே தரத்தில் மனநோய்க்கும் அவசர சிகிச்சை கிடைக்க வேண்டும் என்கிறது. அனுப்ப இடமும் இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசியில், நாள் முழுக்க, தமிழிலேயே, காசில்லாமல் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது, என் கடைக்கு வருகிறவர்களில் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

என் கடையில் காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று தினமும் ஏதாவது அடிக்கிறோம். என் வயதுக்காரரின் அஞ்சலிப் போஸ்டரை கம்போஸ் செய்யும்போது கை நடுங்கும், அப்படியே முடித்துக் கொடுப்பேன். உங்களுக்கும் ஒரு வேலை செய்து தர ஆசைப்படுகிறேன். பேனிக் அட்டாக் என்றால் என்ன, எங்கே போக வேண்டும், எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று உள்ளங்கை அளவில் ஒரு துண்டுச்சீட்டு. என்ன எழுத வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள், மருத்துவம் உங்களுக்குத்தான் தெரியும். காகிதமும் அச்சும் என் பொறுப்பு. எந்த மருத்துவமனை கேட்டாலும், கேட்ட அளவுக்குக் கட்டுக் கட்டி டியூட்டி ரூமுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
சிம்மக்கல் அச்சகக்காரன், ஒரு பெண்ணின் அப்பா