ஒன்றுக்குப் பத்து: கணக்கு உதைக்கிறது

ஆசிரியருக்கு,

மதுரையில் சாலையை அகலப்படுத்த மரம் வெட்டும்போதெல்லாம் ‘ஒன்றுக்குப் பத்து கன்று நடுவோம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். மரம் தன்னுள் சேர்த்துவைத்திருக்கும் கரிமத்துக்கு (கார்பன்) கணக்குப் போட்டால் இது உதைக்கிறது.

தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் தையல் டேப்பைச் சுற்றித் தண்டின் சுற்றளவை எடுங்கள். சுற்றளவு 150 செ.மீ., உயரம் 12 மீட்டர் உள்ள வேம்பு என்றால், வெப்பமண்டல மரங்களுக்கான சூத்திரப்படி தரைக்கு மேலே ஏறத்தாழ 1,000 கிலோ உலர் எடை (ஈரம் நீங்கிய எடை) தேறும். (கிளை கழிக்கப்பட்ட தெருமரம் என்பதால் ஐந்தில் ஒரு பங்கைக் கழிப்பது வழக்கம், வேரைச் சேர்த்தால் அது நேராகிவிடும்.) இதில் பாதி கரிமம். ஒரு கிலோ கரிமம் 3.67 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்பதால், அந்த 500 கிலோவை 3.67 ஆல் பெருக்கினால், காற்றிலிருந்து இழுத்த கார்பன் டை ஆக்சைடு சுமார் 1,800 கிலோ. ஏறக்குறைய 800 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளிவரும் அளவு இது.

10 செ.மீ. சுற்றளவுள்ள கன்றில் உலர் எடை ஒன்றரை கிலோ இருந்தால் அதிகம். பத்தும் பிழைத்தாலும் (பிழைத்தால்தானே!) 15 கிலோ. கன்றும் பெரிய வேம்பும் ஓராண்டில் சுற்றளவில் 3 செ.மீ. பருத்தால், கன்று ஒரு கிலோ சேர்க்கும். பெரிய வேம்பு 40 கிலோ சேர்க்கும். சுற்றளவு இரட்டித்தால் எடை நாலு மடங்குக்கும் மேல் ஏறுவதே காரணம். வெட்டிய மரம் நிலைக்கதவானால் கரிமம் பல்லாண்டு தங்கும். அடுப்புக்குப் போனால் அன்றே காற்றில் கலந்துவிடும்.

நிற்கும் மரங்களையும் நாமே கெடுக்கிறோம். தண்டை ஒட்டிப் பேவர் பிளாக் பதித்துச் சிமெண்ட் பூசினால் வேருக்குக் காற்றும் நீரும் இறங்காது. தண்டைச் சுற்றி நான்கு புறமும் மூன்றடியாவது வெறும் மண் வேண்டும். கால்வாய்க்காக ஒரு பக்க வேரை வெட்டினால் ஆடிக்காற்றில் மரம் சாயும். மின்கம்பிக்குக் கீழே தூங்குமூஞ்சியை நட்டு ஆண்டுதோறும் மொட்டையடிப்பது இன்னொரு கூத்து: இலை போனால் கரிமம் இழுக்க வழியில்லை, சேமித்த மாவுச்சத்தெல்லாம் புதுத் தளிருக்கே செலவாகும், வெட்டுவாய் வழியே தண்டு உளுக்கும். அங்கே உயரம் குறைந்த மரம் போதும்.

வெட்ட அனுமதிக்கும் ஆணையிலேயே ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் எழுத வேண்டும். ஈடாக நட்ட கன்றுகளை மூன்றாம் ஆண்டில் அதே டேப்பால் அளந்து, பட்டியலை மண்டல அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், தல்லாகுளம், மதுரை